அறையைப் பாருங்கள்: நவீன பிரிட்டிஷ் நாடகத்துக்கு ஓர் எளிய அறிமுகம்

ஆங்கில இலக்கியம் படிக்கும் மாணவர்களிடம் நவீன பிரிட்டிஷ் நாடகம் என்றால் என்ன என்று கேட்டால் பெரும்பாலும் மூன்று பதில்கள் வரும். 1956-ல் ஜான் ஆஸ்போர்ன் ஒரு நாடகம் எழுதினார், ஒரே ராத்திரியில் எல்லாம் மாறிவிட்டது. சாமுவேல் பெக்கெட் எழுதியது அபத்த நாடகம், அதில் அர்த்தம் தேடக்கூடாது. ஹெரால்ட் பின்டர் என்றால் மௌனம். மூன்றும் அரைகுறை உண்மைகள். தேர்வில் மதிப்பெண் வாங்க இவை போதும். நாடகத்தைக் கையில் எடுத்துப் படிக்கும்போது இவையே வழியை மறைத்துக்கொண்டு நிற்கின்றன.

பெயர்களில் தொடங்குவதால் வரும் குழப்பம் இது என்று நினைக்கிறேன். யதார்த்தவாதம், அபத்தம், காவிய அரங்கு என்ற பெயர்ப் பலகைகளைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, மேடையில் தெரியும் அறையைப் பாருங்கள். யார் வீட்டு அறை அது? உள்ளே யார் வரலாம்? அங்கே எதைப் பேசலாம்? இந்தக் கேள்விகளுக்குப் பதில் மாறியபோதெல்லாம் நாடகத்தின் பாணியும் கூடவே மாறியிருக்கிறது.

## ஹால் பேச்சு, அடுப்படிப் பேச்சு

வீட்டுக்கு விருந்தாளி வந்திருக்கிறார். ஹாலில் உட்காரவைத்துக் காபி கொடுக்கிறோம். பையன் என்ன படிக்கிறான், ஊரில் மழை உண்டா என்று பேச்சு போகிறது. அதே நேரம் அடுப்படியில் அம்மாவும் அத்தையும், வட்டி கட்ட வளையலை அடகு வைப்பதா வேண்டாமா என்று தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருப்பார்கள். ஒரே வீடு, ஒரே மனிதர்கள். அறை மாறினால் பேச்சே மாறிவிடுகிறது.

பிரிட்டனின் பெரிய மேடைகளில் வெகுகாலம் கேட்டது ஹால் பேச்சுதான். ஆனால் அந்த ஹாலே ஒரு காலத்தில் புதுமையாக இருந்தது. அதற்கு முன்னால் மேடையில் வீடு என்றால் துணியில் வரைந்த வீடு. கதவும் ஜன்னலும் துணியிலேயே தீட்டப்பட்டிருக்கும். அதன் முன்னால் நின்றுகொண்டு நல்லவர்கள் கண்ணீர் விடுவார்கள், வில்லன்கள் உறுமுவார்கள்.

1860-களில் டி. டபிள்யூ. ராபர்ட்சன் என்ற நாடகாசிரியர், லண்டனின் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் அரங்கில், திருகினால் திறக்கும் கைப்பிடியுள்ள நிஜக் கதவுகளை மேடையில் வைத்தார். 1867-ல் வந்த அவருடைய 'காஸ்ட்' நாடகத்தில் பாத்திரங்கள் மேடையிலேயே டீ போட்டு, ரொட்டி வெட்டி, வெண்ணெய் தடவித் தின்கிறார்கள். (இங்கிலாந்தின் வர்க்க ஏற்றத்தாழ்வைச் சொல்ல, நம் சாதியைக் குறிக்கும் சொல்லையே அவர் தலைப்பாக வைத்தது யோசிக்கத் தக்கது.) இதைக் 'கப்பும் சாசரும் நாடகம்' என்று கேலி செய்தவர்கள் உண்டு. எனக்கு அந்த டீ முக்கியமாகப் படுகிறது. மேடையில் ஒருவர் நிஜமாகவே டீ ஊற்றும்போது அவரால் பழையபடி முழக்கமிட்டுப் பேச முடியாது. கையில் கப் இருந்தால் குரல் தானாக இறங்கிவிடும்.

ராபர்ட்சனின் நாடகங்களை நடத்திய பான்கிராஃப்ட் தம்பதியர், 1880-ல் ஹேமார்க்கெட் அரங்கின் மேடையைச் சுற்றி நான்கு பக்கமும் தங்க முலாம் பூசிய சட்டம் போட்டார்கள், படத்துக்கு ஃபிரேம் போடுவது மாதிரி. பார்வையாளர் அறைக்கு வெளியே இருந்து உள்ளே எட்டிப் பார்க்கிறார் என்ற கற்பனைக்கு இதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டாம். அறைக்கு மூன்று சுவர் கண்ணுக்குத் தெரிகிறது. நமக்கும் அவர்களுக்கும் நடுவே உள்ள, கண்ணுக்குத் தெரியாத சுவருக்கு நான்காவது சுவர் என்று பெயர். அந்தச் சுவருக்குப் பின்னால் மனிதர்கள் தங்கள் சூழலுக்கு ஏற்றபடி பேசி, நடந்து, அந்தச் சூழலாலேயே அலைக்கழிக்கப்படுவதைக் காட்டும் பாணி யதார்த்தவாதம்.

1889-ல் நார்வேக்காரரான இப்சனின் 'எ டால்ஸ் ஹவுஸ்' லண்டனுக்கு வந்தது. மனைவி நோரா, கணவனையும் குழந்தைகளையும் விட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போகிறாள். ராபர்ட்சன் வைத்த நிஜக் கதவுக்கு இப்போது ஒரு வேலை வந்துவிட்டது. டப்ளினிலிருந்து வந்த பெர்னார்ட் ஷா இதைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கேள்வி கேட்டார்: இந்த ஹாலில் இருக்கும் நாற்காலிக்குப் பணம் எங்கிருந்து வந்தது? 1892-ல் மேடையேறிய அவருடைய முதல் நாடகமான 'விடோயர்ஸ் ஹவுசஸ்'-ல் ஓர் இளைஞன், காதலியின் தந்தை சேரி வாடகையில் பணக்காரரானவர் என்று தெரிந்து முகம் சுளிக்கிறான். கொஞ்ச நேரத்தில் தன் சொந்த வருமானமும் அதே சேரியிலிருந்துதான் வருகிறது என்று அவனுக்குத் தெரியவருகிறது. கடைசியில் அவனும் அந்த வியாபாரத்திலேயே பங்காளியாகிவிடுகிறான். சமூகச் சிக்கலை விவாதமாகவே மேடையில் வைக்கும் இந்த வகைக்குப் பிரச்சினை நாடகம் என்று பெயர்.

இதுவரை வந்த வழி இவ்வளவுதான். துணியில் வரைந்த வீடு நிஜ அறையானது. பிறகு அந்த அறையின் ஒழுக்கத்தையும் பணத்தையும் அறைக்குள்ளேயே கேள்வி கேட்கத் தொடங்கினார்கள்.

## வாசலில் நின்ற அதிகாரி

பாணிகளைப் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் விட்டுவிடும் ஒரு விஷயம் தணிக்கை. இதைத் தெரிந்துகொள்ளாமல் நவீன பிரிட்டிஷ் நாடகத்தின் போக்கைப் புரிந்துகொள்ள முடியாது என்பது என் உறுதியான எண்ணம்.

1737-ல் வந்த ஒரு சட்டப்படி, பொதுமக்கள் முன் நடிக்கப்படும் ஒவ்வொரு நாடகத்தின் எழுத்துப் பிரதியையும் லார்ட் சேம்பர்லைன் என்ற அரண்மனை அதிகாரியின் அலுவலகத்துக்கு முன்கூட்டியே அனுப்ப வேண்டும். அவர் வெட்டச் சொன்னதை வெட்ட வேண்டும். மறுத்தால் அனுமதி கிடையாது. இது 1968 வரை நீடித்தது. ஷேக்ஸ்பியருக்கு வாரிசுகள் என்று பெருமை பேசிய நாடு, இருநூற்று முப்பது வருடம் தன் நாடகாசிரியர்களை இப்படி வைத்திருந்தது.

விளைவுகள் விசித்திரமாக இருந்தன. பெக்கெட்டின் 'எண்ட்கேம்' 1957-ல் லண்டன் ராயல் கோர்ட் அரங்கில் பிரெஞ்சு மொழியில் நடந்தது. கடவுளைக் குறித்த ஒரு வசைச்சொல் அதில் வருகிறது. ஆட்சேபணை இல்லை. அடுத்த வருடம் அதே நாடகம் ஆங்கிலத்தில் வந்தபோது அந்தச் சொல்லை மாற்றினால்தான் அனுமதி என்றார்கள். இன்னொரு பக்கம், அனுமதி பெற்ற பிரதியில் இல்லாத ஒரு சொல்லையும் நடிகர் பேசக்கூடாது. மேடையில் தோன்றியதைச் சேர்த்துப் பேசியதற்காக ஜோன் லிட்டில்வுட் என்ற இயக்குநரின் குழு 1958-ல் நீதிமன்றம் போய் அபராதம் கட்டியது.

உறுப்பினர்களுக்கு மட்டும் காட்டும் கிளப் அரங்குகள் இதிலிருந்து தப்பிக்க இருந்த சந்து. புதிய நாடகங்கள் பல அந்தச் சந்து வழியாகத்தான் உள்ளே வந்தன.

## 1956: உண்மையில் என்ன மாறியது?

இனி எல்லோரும் சொல்லும் அந்த வருடத்துக்கு வரலாம். அதற்கு முன்பு டெரன்ஸ் ராட்டிகனுக்கு ஒரு நியாயம் செய்ய வேண்டும். 1956-க்கு முன்பு பிரிட்டிஷ் மேடை முழுக்கப் பணக்கார வீட்டு அரட்டைதான் என்று சொல்லும்போது உதாரணமாக நிறுத்தப்படுபவர் அவர்தான். அவருடைய 'தி டீப் ப்ளூ சீ' 1952-ல் வந்தது. அறை, லண்டனின் ஒரு மங்கிய வாடகைக் குடியிருப்பு. திரை விலகும்போது ஹெஸ்டர் என்ற பெண் கேஸைத் திறந்துவிட்டுத் தரையில் கிடக்கிறாள். அவள் பிழைத்ததற்குக் காரணம், மீட்டரில் போட்ட காசு தீர்ந்து கேஸ் நின்றுபோனதுதான். சாவதற்குக்கூட மீட்டரில் காசு வேண்டியிருக்கிறது. இதை எழுதியவரை வெறும் ஹால் பேச்சுக்காரர் என்று ஒதுக்குவது அநியாயம்.

1956 மே 8 அன்று ராயல் கோர்ட் அரங்கில் ஆஸ்போர்னின் 'லுக் பேக் இன் ஆங்கர்' மேடையேறியது. அவருக்கு வயது 26. மத்திய இங்கிலாந்தின் ஒரு நகரத்தில், மாடியில் ஒற்றை அறை வீடு. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். இரண்டு ஆண்கள் செய்தித்தாள் படிக்கிறார்கள். அலிசன் இஸ்திரிப் பலகையின் முன் நின்று துணி தேய்க்கிறாள். அவள் கணவன் ஜிம்மி போர்ட்டர் பட்டப்படிப்பு முடித்தவன், சந்தையில் மிட்டாய்க் கடை வைத்திருக்கிறான். நாட்டின் மீதும் வர்க்கத்தின் மீதும் மனைவியின் குடும்பத்தின் மீதும் அவனுக்கு அடங்காத கோபம்.

அந்த இஸ்திரிப் பலகைதான் புதிது. வீட்டு வேலைகளை வேலைக்காரர்கள் மேடைக்குப் பின்னால் முடித்துவிடும் உலகத்தைப் பார்த்துப் பழகியவர்கள் முன்னால், நாடகம் நடக்க நடக்கத் துணி தேய்க்கப்படுகிறது. மற்றபடி கட்டமைப்பு பழையதுதான். மூன்று அங்கங்கள், ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரு திருப்பம், திரை. பழங்கால பாணியில் எழுதப்பட்ட நாடகம்தான் இது என்று பின்னாளில் ஆஸ்போர்னே ஒப்புக்கொண்டார். முதல் விமர்சனங்கள் கலவையாகவே இருந்தன. கென்னத் டைனன் என்ற விமர்சகரின் உருகிய பாராட்டும், சில மாதம் கழித்துத் தொலைக்காட்சியில் காட்டப்பட்ட ஒரு பகுதியும் கூட்டத்தைக் கொண்டுவந்தன. ஆகவே ஒரே ராத்திரியில் எதுவும் மாறவில்லை.

எனக்கு இந்த நாடகத்தோடு ஒரு மனத்தாங்கல் உண்டு. ஜிம்மியின் கோபம் நாட்டைப் பார்த்துக் கிளம்புகிறது, ஆனால் அடி விழுவதெல்லாம் இஸ்திரிப் பலகையின் முன் நிற்பவள் மேல். மூன்றாவது அங்கம் தொடங்கும்போது பலகை அதே இடத்தில் இருக்கிறது, தேய்க்கும் பெண் மட்டும் வேறொருத்தி.

இந்த வகைக்குக் 'கிச்சன் சிங்க்' நாடகம் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. அன்றாட வீட்டுப் பொருள்களைத் தீட்டிய ஓவியர்களைப் பற்றிய ஒரு கட்டுரையிலிருந்து வந்த பெயர் அது. உழைக்கும் மக்களின் வீட்டில், அவர்களின் பேச்சுமொழியில் நடக்கும் நாடகம் என்று பொருள். இதுவும் அப்படியே வாழ்க்கையை நகலெடுப்பது என்று நினைத்துவிடக்கூடாது. ஷீலா டெலானி 19 வயதில் மேடையேற்றிய 'எ டேஸ்ட் ஆஃப் ஹனி' (1958), சால்ஃபோர்டில் வசதியற்ற ஓர் அறையில் வாழும் தாயும் மகளும் பற்றியது. ஆனால் லிட்டில்வுட் அதை இயக்கியபோது மேடையிலேயே ஜாஸ் இசைத்தார்கள், பாத்திரங்கள் திரும்பி நம்மிடம் பேசினார்கள். ஆர்னல்ட் வெஸ்கரின் 'தி கிச்சன்' (1959) முழுக்க முழுக்க ஓர் உணவகத்தின் சமையலறையில் நடக்கிறது, ஆனால் அதில் உணவே கிடையாது. நடிகர்கள் வெறுங்கையால் நறுக்கி, வெறுங்கையால் கிளறி, ஆர்டர் குவியக் குவிய வேகமெடுத்து மூச்சு வாங்குகிறார்கள்.

சுருக்கிச் சொன்னால், 1956-ல் மாறியது அறையின் முகவரியும் அங்கே கேட்கும் பேச்சும். நாடகத்தைக் கட்டும் முறை மெதுவாகத்தான் மாறியது.

## அறையே இல்லாத மேடை

கட்டும் முறையை உடைத்த நாடகம் இதற்கு ஒன்பது மாதம் முன்பே லண்டனுக்கு வந்துவிட்டது. 1955 ஆகஸ்டில், ஆர்ட்ஸ் தியேட்டர் என்ற கிளப் அரங்கில், 24 வயது பீட்டர் ஹால் பெக்கெட்டின் 'வெயிட்டிங் ஃபார் கோடோ'வை இயக்கினார். அயர்லாந்தில் பிறந்து பாரிஸில் வாழ்ந்த பெக்கெட் அதை முதலில் பிரெஞ்சில் எழுதியிருந்தார். மேடையில் அறை கிடையாது. ஒரு சாலை, ஒரு மரம். இரண்டு பேர் கோடோ என்பவருக்காகக் காத்திருக்கிறார்கள். அவர் வரவில்லை. இரண்டாவது அங்கத்திலும் வரவில்லை. மரத்தில் மட்டும் நாலைந்து இலைகள் முளைத்திருக்கின்றன.

பேருந்து நிறுத்தத்தில் வெகுநேரம் நின்றிருக்கிறீர்களா? வருமா வராதா என்று தெரியாது. கிளம்பிவிடலாம் என்று தோன்றும், கிளம்பிய மறுநிமிடம் வந்துவிட்டால் என்ன செய்வது என்றும் தோன்றும். பக்கத்தில் நிற்பவரிடம் எதையாவது பேசுவோம், செருப்பில் ஒட்டிய மண்ணைத் தட்டுவோம், சொன்னதையே திரும்பச் சொல்வோம். இந்த நிலையில் ஒரு மனிதரைப் பார்த்தால் அவர் உளறுகிறார் என்று சொல்ல மாட்டோம். காத்திருக்கிறார் என்று நமக்குப் புரியும். பெக்கெட்டின் நாடகமும் இதே மாதிரிப் புரியக்கூடியதுதான்.

1961-ல் மார்ட்டின் எஸ்லின் என்ற விமர்சகர் இத்தகைய நாடகங்களுக்கு அபத்த அரங்கு என்று பெயரிட்டார். மனிதன் உலகத்திடம் அர்த்தம் கேட்கிறான், உலகம் பதில் சொல்லாமல் இருக்கிறது. இந்த இடைவெளிக்குத்தான் இங்கே அபத்தம் என்று பெயர். அர்த்தமில்லாமல் எழுதுவது என்று இதை எடுத்துக்கொண்டதுதான் பரவலான தவறு.

## காபி ஆறிவிட்டதா?

பின்டர் அறைக்குத் திரும்பி வருகிறார். அவருடைய முதல் நாடகத்தின் பெயரே 'தி ரூம்' (1957). அறை சாதாரணமானது. உள்ளே இருப்பவருக்கு, வெளியிலிருந்து யாரோ வந்து இதைப் பறித்துக்கொள்ளப் போகிறார்கள் என்ற பயம்.

பின்டரின் மௌனம் என்றால் என்ன என்று விளக்க ஒரு சின்ன உரையாடலை நானே எழுதிக் காட்டுகிறேன். முந்தின நாள் பெரிய சண்டை நடந்த வீடு.

"காபி ஆறிடுச்சா?"
"சூடு பண்ணித் தரவா?"
"வேண்டாம்."
(இடைவெளி)
"அம்மா போன் பண்ணாங்களா?"
"இல்லை."

இங்கே யாரும் காபியைப் பற்றிப் பேசவில்லை. முதலாமவர் சமாதானத்துக்கு வருகிறார், இரண்டாமவர் பாதி தூரம் வருகிறார், முதலாமவர் பின்வாங்குகிறார். அந்த இடைவெளிக்குப் பிறகு வரும் கேள்வி ஒரு குற்றச்சாட்டு. சொல்லுக்கு அடியில் ஓடும் இந்தப் பேச்சை உள்ளுறை என்று சொல்லலாம். சங்கப் பாட்டில் பூவையும் வண்டையும் சொல்லி வேறொன்றைச் சொல்வதைப் படித்தவர்களுக்கு இது பிடிபடும்.

பின்டர் தன் பிரதிகளில் இதை ஸ்வரம் குறிப்பது போலக் குறிக்கிறார். மூன்று புள்ளி என்றால் ஒரு சிறு தயக்கம். 'இடைவெளி' என்றால் பேச்சு நின்றும் எண்ணம் ஓடிக்கொண்டிருக்கிறது. 'மௌனம்' என்றால் அதற்கு முன் இருந்த நிலை முடிந்துபோனது, அடுத்த சொல் வேறோர் இடத்திலிருந்து வர வேண்டும். நடிகர் இந்த மூன்றையும் ஒரே மாதிரி நிறுத்தினால் நாடகம் செத்துவிடும்.

அவருடைய 'தி பர்த்டே பார்ட்டி' 1958-ல் லண்டனில் எட்டே காட்சிகளில் நின்றுபோனது. கடலோரத் தங்கும் விடுதி ஒன்றில், கார்ன்ஃபிளேக்ஸ் நன்றாக இருக்கிறதா என்ற பேச்சோடு தொடங்கும் நாடகம் அது. இரண்டு அந்நியர்கள் வருகிறார்கள், அங்கே தங்கியிருக்கும் ஸ்டான்லியை உருக்குலைத்துக் கூட்டிக்கொண்டு போகிறார்கள். எதற்காக என்று கடைசிவரை சொல்லப்படுவதில்லை. ஹெரால்ட் ஹாப்சன் என்ற விமர்சகர் பெரிதாகப் பாராட்டி எழுதினார். அந்தப் பாராட்டு ஞாயிற்றுக்கிழமை பத்திரிகையில் அச்சாகி வந்தபோது நாடகம் நின்றுவிட்டிருந்தது. அதே பின்டருக்கு 2005-ல் நோபல் பரிசு.

## சுவரை இடித்துப் பேசியவர்கள்

இன்னொரு பாதை ஜெர்மனியிலிருந்து வந்தது. 1956 ஆகஸ்டில் பிரெக்ட் என்ற ஜெர்மன் நாடகாசிரியரின் பெர்லினர் ஆன்சாம்பிள் குழு லண்டனுக்கு வந்து ஜெர்மன் மொழியிலேயே நடித்தது. அவர்கள் வருவதற்குச் சில நாள் முன்புதான் பிரெக்ட் இறந்திருந்தார். அவர் கொடுத்த உதாரணமே எளிமையானது. தெருவில் விபத்து நடந்திருக்கிறது. பார்த்த ஒருவர், வந்து கூடியவர்களுக்கு டிரைவர் எப்படித் திரும்பினார், அடிபட்டவர் எப்படி நடந்தார் என்று நடித்துக் காட்டுகிறார். அவர் டிரைவராகவே மாறிவிட வேண்டியதில்லை. யார்மீது தவறு என்று நாம் யோசிக்கும்படி காட்டினால் போதும். கதையில் மூழ்கவிடாமல் இப்படித் தள்ளி நின்று யோசிக்கவைக்கும் அரங்குக்குக் காவிய அரங்கு என்று பெயர். தெருக்கூத்தில் கட்டியங்காரன் நம்மிடம் நேராகப் பேசுவதைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு நான்காவது சுவர் இல்லாத மேடை அந்நியமானதல்ல.

1963-ல் லிட்டில்வுட்டின் குழு நடத்திய 'ஓ வாட் எ லவ்லி வார்' முதல் உலகப் போரைப் பற்றியது. நடிகர்கள் கோமாளி உடையில் அந்தக் காலத்துப் பாட்டுகளைப் பாடுகிறார்கள். அவர்கள் தலைக்கு மேலே ஒளிப்பலகையில் போர்க்களத்தில் செத்தவர்களின் எண்ணிக்கை ஓடுகிறது. பாட்டு உற்சாகமாக இருக்க இருக்க அந்த எண்களைப் பார்க்க முடிவதில்லை.

1965-ல் எட்வர்ட் பாண்டின் 'சேவ்ட்' நாடகத்தில், பூங்காவில் தள்ளுவண்டியில் கிடக்கும் ஒரு குழந்தையை இளைஞர்கள் கல்லால் அடித்துக் கொல்கிறார்கள். தணிக்கை அனுமதிக்கவில்லை. கிளப் காட்சியாக நடத்தியும் ராயல் கோர்ட் மீது வழக்கு வந்தது. மூன்று வருடத்தில் தணிக்கைச் சட்டமே போய்விட்டது.

## ஒரு சாய்கோடு

கரில் சர்ச்சில் பற்றிப் பேச எனக்குத் தனி ஆசை. 1982-ல் வந்த அவருடைய 'டாப் கேர்ள்ஸ்' ஓர் உணவகத்தில் தொடங்குகிறது. பதவி உயர்வு பெற்ற மார்லீன் விருந்து கொடுக்கிறாள். வந்திருப்பவர்கள்: ஆண் வேடத்தில் போப்பாண்டவர் ஆனதாகக் கதையில் சொல்லப்படும் ஜோன், விக்டோரியா காலத்துப் பயணி இசபெல்லா பேர்ட், பதின்மூன்றாம் நூற்றாண்டின் ஜப்பானிய அரண்மனைப் பெண் நிஜோ, பழைய கதையொன்றில் வரும் பொறுமைசாலி கிரிசெல்டா, ஓர் ஓவியத்திலிருந்து இறங்கி வந்த கிரெட். காலமும் இடமும் கலைந்து, எல்லோரும் ஒரே மேசையில்.

அவர்கள் பேசும் பேச்சை எழுத சர்ச்சில் ஒரு சாய்கோட்டைப் பயன்படுத்துகிறார். ஒருவர் வாக்கியத்தின் நடுவில் சாய்கோடு வந்தால், அந்த இடத்தில் அடுத்தவர் பேசத் தொடங்க வேண்டும், முதலாமவரும் நிறுத்தக்கூடாது. கல்யாண வீட்டில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து பேசும்போது கேட்டிருப்பீர்களே, அதுதான். ஒவ்வொருத்தியும் தன் துயரத்தைச் சொல்கிறாள், பறிகொடுத்த குழந்தைகளைச் சொல்கிறாள், ஒருத்தி சொல்வதை இன்னொருத்தி பாதிதான் கேட்கிறாள். பரிமாறும் பெண் மட்டும் கடைசிவரை ஒரு வார்த்தை பேசுவதில்லை.

கடைசி அங்கத்தின் அறை எது தெரியுமா? கிராமத்தில் இருக்கும் மார்லீனின் அக்கா ஜாய்ஸின் சமையலறை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். அக்காவும் தங்கையும் மார்கரெட் தாட்சரைப் பற்றிச் சண்டை போடுகிறார்கள். மார்லீன் மேலே ஏற, அவள் பெற்ற குழந்தையை வளர்த்தவள் அந்தச் சமையலறையில் இருப்பவள்தான் என்று அங்கேதான் வெளிவருகிறது. யதார்த்தவாதமும் அதை உடைக்கும் கற்பனையும் ஒரே நாடகத்துக்குள் இருக்கின்றன. ஒரு பாணி போனால்தான் அடுத்தது வரும் என்று வரிசை கட்டிப் படிப்பதை இந்த நாடகம் செல்லாததாக்குகிறது.

## லீட்ஸில் ஒரு ஹோட்டல் அறை

1990-களில் இரண்டு போக்குகள் தெரிந்தன. ஒன்று, நிஜ மனிதர்கள் பேசிய சொற்களையே தொகுத்து மேடையேற்றும் வாக்குமூல நாடகம். கறுப்பின இளைஞர் ஸ்டீபன் லாரன்ஸின் கொலை வழக்கைக் காவல்துறை கையாண்ட விதம் பற்றிய விசாரணையை, அதன் பதிவுகளிலிருந்தே எடுத்து 1999-ல் 'தி கலர் ஆஃப் ஜஸ்டிஸ்' என்று நடித்தார்கள். இங்கே மேடை விசாரணை மண்டபமாகிவிட்டது.

மற்றது, பார்வையாளரைத் தப்பிக்கவிடாமல் வன்முறையை முகத்துக்கு நேரே வைக்கும் நாடகம். 1995 ஜனவரியில் ராயல் கோர்ட்டின் சிறிய மாடி அரங்கில் சாரா கேனின் 'பிளாஸ்டட்' வந்தது. அவருக்கு வயது 23. பத்திரிகைகள் அருவருப்போடு திட்டித் தீர்த்தன. லீட்ஸ் நகரத்தில் ஒரு விலையுயர்ந்த ஹோட்டல் அறை. நிஜக் கட்டில், நிஜக் கதவு, ராபர்ட்சன் பார்த்தால் மகிழ்ந்திருப்பார். இயான் என்ற பத்திரிகையாளன் கேட் என்ற இளம்பெண்ணை அந்த அறையில் சிதைக்கிறான். பிறகு கதவைத் தட்டிக்கொண்டு ஒரு சிப்பாய் வருகிறான், குண்டு விழுகிறது, சுவர் பிளக்கிறது. இதை எழுதிக்கொண்டிருந்தபோதுதான் கேன் போஸ்னியப் போரின் காட்சிகளைத் தொலைக்காட்சியில் பார்த்தார். மூடிய அறைக்குள் ஒரு பெண்ணுக்கு நடப்பதற்கும் அந்தப் போருக்கும் தொடர்பு உண்டு என்று அவருக்குப் பட்டது. அதனால் நாடகத்தின் பாதியில் அறையையே வெடிக்கவைத்தார்.

கடைசிக் காட்சியில் கண்ணிழந்த இயான் தரைக்குக் கீழே கிடக்கிறான், தலை மட்டும் வெளியே. மழை அவன்மேல் ஒழுகுகிறது. கேட் வெளியே போய் ரொட்டியும் சாசேஜும் ஜின்னும் கொண்டுவருகிறாள். தான் சாப்பிட்டு முடித்து, மீதியை அவனுக்கு ஊட்டுகிறாள். தள்ளிப் போய் உட்கார்ந்து ஜின்னைக் குடிக்கிறாள். மழைச் சத்தம். இயான் 'நன்றி' என்கிறான், விளக்கு அணைகிறது.